மேட்டு வீடும் பள்ளத்து வீடும்

ஒருவருக்கு இரண்டு வீடுகள். ஒன்று பள்ளத்தாக்கில், காற்றுக்கு மறைவாக, பூங்காவும் மதிலும் சூழ்ந்த பெரிய பங்களா. இன்னொன்று நான்கு மைல் தள்ளி, மரம்கூட நேராக வளராத மேட்டில் நிற்கும் பழைய பண்ணை வீடு. பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் பண்ணை வீட்டில் குடியிருக்கிறார். ஏன்?

‘வுதரிங் ஹைட்ஸ்’ என்ற ஆங்கில நாவலில் இந்தக் கேள்வி நாலாவது அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. பெரிய வீட்டுக்கு வாடகைக்கு வந்த லாக்வுட், அங்கே வீட்டை நிர்வகிக்கும் நெல்லி டீனிடம் அதைக் கேட்கிறார். ஐயாவுக்குக் காசில் பிடிப்பு அதிகம், நல்ல வாடகைக்கு ஆள் கிடைத்தால் அந்த வாய்ப்பை விடமாட்டார் என்கிறாள் நெல்லி. லாக்வுட் அதோடு விட்டுவிடுகிறார். நாவலை முழுக்கப் படித்தவர்களுக்கு அந்தப் பதில் போதாது. எமிலி பிரான்டே தன் ஒரே நாவல் முழுவதையும் இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவல் 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற ஆண் பெயர் போன்ற புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த டிசம்பரில், முப்பது வயதில், எமிலி இறந்துபோனார். கதையில் இரண்டே இரண்டு வீடுகள்தான் முக்கியம். மேட்டிலிருப்பது வுதரிங் ஹைட்ஸ், ஏர்ன்ஷா குடும்பத்தின் வீடு. பள்ளத்திலிருப்பது த்ரஷ்கிராஸ் கிரேஞ்ச், லின்டன் குடும்பத்தின் வீடு. நடுவில் மூர் எனப்படும், ஹீத் புதர் படர்ந்த, மரமில்லாத மேட்டுநிலம். லண்டன் பேச்சில் வருவதோடு சரி. லிவர்பூலிலிருந்து ஹீத்கிளிஃப் என்ற ஒரு பையன் வந்துசேர்கிறான், பின்னால் இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன் ஆகப்போவது அவன்தான். மற்றபடி உலகமே இந்த நான்கு மைலுக்குள்தான்.

வீட்டைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் தமிழில் படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. ‘அகம்’ என்றால் நமக்கு வீடும்தான், மனமும்தான். இல்லிலிருந்து இல்லாள் வருகிறாள், மனையிலிருந்து மனைவி. அதனால் ‘ஹைட்ஸ் என்றால் புயல், கிரேஞ்ச் என்றால் அமைதி, வீடு எப்படியோ ஆட்களும் அப்படி’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடுவோம். விமர்சகர் லார்ட் டேவிட் செசில் 1934இல் இந்தப் புயல், அமைதி விளக்கத்தை எழுதினார். அன்றிலிருந்து பாடநூல் உரைகள் வரை அதுவே ஓடுகிறது. தவறான விளக்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதோடு நின்றால் நாவலின் பாதியைத்தான் பார்த்திருப்போம்.

முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடலாம், அதிலும் விஷயம் நிறைய இருக்கிறது.

‘வுதரிங்’ என்பது வட்டாரச் சொல். புயல் நேரத்தில் அந்த மேடு படும் கொந்தளிப்பைக் குறிப்பது என்று லாக்வுட் விளக்குகிறார். வீட்டின் ஓரத்தில் குட்டையான சில ஃபிர் மரங்கள், ஓயாத வடகாற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பக்கத்தில் முள்மரங்கள், சூரியனிடம் பிச்சை கேட்பதுபோல் எல்லாக் கைகளையும் ஒரே திசையில் நீட்டிக்கொண்டு. ஜன்னல்கள் குறுகலாக, சுவருக்குள் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. வீட்டின் மூலைகளுக்குத் துருத்திய பெரிய கற்கள் காவல். வாசலுக்கு மேலே, உதிர்ந்துபோன சிற்பங்களுக்கு நடுவே, 1500 என்ற ஆண்டும் ஹேர்ட்டன் ஏர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கதை தொடங்குவது 1801இல், ஆக முந்நூறு வருஷத்துக் கல் அது. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

உள்ளே நுழைந்தால் நடைபாதை, வரவேற்பறை என்று எதுவும் கிடையாது. வாசற்படியைத் தாண்டினால் நேராக வீட்டின் நெஞ்சுக்குள் வந்துவிடுவீர்கள். அந்தப் பெரிய அறையை அந்தப் பக்கத்தில் ‘வீடு’ என்றே சொல்வார்கள். ஓக் மரத் தட்டலமாரியில் கூரைவரை அடுக்கிய ஈயத் தட்டுகள், வெள்ளிக் கோப்பைகள். மேலே தொங்கும் ஓட்ஸ் ரொட்டிகளும் மாட்டுக்கால், ஆட்டுக்கால், பன்றித்தொடைகளும். கணப்புக்கு மேலே துப்பாக்கிகள். தட்டலமாரிக்குக் கீழே குட்டிகளோடு படுத்திருக்கும் வேட்டை நாய். சாப்பாடு, ஆயுதம், மிருகம் எல்லாம் ஒரே அறையில் கண்ணுக்கு நேராக இருக்கின்றன. இந்த வீட்டில் எதையும் மூடி வைப்பதில்லை. கோபம் வந்தால் அடிப்பார்கள், பாசம் வந்தால் கட்டிக்கொள்வார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு கிடையாது.

கிரேஞ்சை நாம் முதலில் பார்ப்பது வெளியிலிருந்து, இரவில், ஜன்னல் வழியாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏர்ன்ஷா வீட்டுப் பெண் கேத்தரினும் அதே வீட்டில் வளரும் ஹீத்கிளிஃபும் மேட்டிலிருந்து ஒரே மூச்சில் ஓடி வருகிறார்கள். வழியில் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வருகிறாள் கேத்தரின். வேலியின் இடைவெளியில் நுழைந்து, ஜன்னலுக்குக் கீழே நின்று எட்டிப் பார்க்கிறார்கள். சிவப்புக் கம்பளம், சிவப்பு மேஜை நாற்காலிகள், தங்க விளிம்பிட்ட வெள்ளைக் கூரை, வெள்ளிச் சங்கிலிகளில் மழைபோல் தொங்கும் கண்ணாடித் துளிகள், அதற்குள் மெழுகுவர்த்தி வெளிச்சம். ஹீத்கிளிஃபே பின்னால் நெல்லியிடம் சொல்கிறான், அழகாக இருந்தது என்று. சொர்க்கம் இதுதான் என்று நினைத்திருப்போம், நாங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்கிறான்.

சரி, அந்தச் சொர்க்கத்தில் அப்போது நடந்தது என்ன? லின்டன் வீட்டுப் பிள்ளைகள் எட்கரும் இசபெல்லாவும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருக்கிறார்கள். மேஜை நடுவில் ஒரு குட்டி நாய் காலை உதறிக்கொண்டு கத்துகிறது. யார் அதை வைத்துக்கொள்வது என்ற சண்டையில் இருவரும் அதை இழுத்து இரண்டாகக் கிழிக்கப் பார்த்திருக்கிறார்கள். வெளியே நிற்கும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரிப்புச் சத்தம் கேட்டு, கிரேஞ்சின் காவல் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். அது கேத்தரினின் கணுக்காலைக் கவ்விக்கொள்கிறது.

இந்த ஒரு காட்சியே அமைதி வீடு என்ற பேச்சைக் கலைத்துவிடுகிறது. பெரியவர் லின்டன் நீதிபதி. முந்தைய நாள் குத்தகைப் பணம் வசூலான நாள், அதைத் திருட வந்தவர்கள் என்று நினைக்கிறார். கறுத்த முகமுள்ள ஹீத்கிளிஃபைப் பார்த்ததும், இவனை இப்போதே தூக்கில் போட்டால் ஊருக்கு நல்லது என்கிறார். ஹைட்ஸில் வன்முறை என்றால் வீட்டுக்காரரின் கையே ஓங்கும். கிரேஞ்சில் நாயும் வேலைக்காரனும் சட்டமும் அந்த வேலையைச் செய்துவிடுவார்கள், கம்பளத்தில் கறை படாது. அந்தச் சிவப்புக் கம்பளம் குத்தகைப் பணத்தில் வாங்கியது என்பதை எமிலி அதே பக்கத்தில் நமக்கு ஞாபகப்படுத்துவது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பிறகு நடப்பது இன்னும் முக்கியம். நாய் கடித்த பெண்ணை உள்ளே தூக்கிப்போகிறார்கள். ஏர்ன்ஷா வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் வெந்நீரில் கால் கழுவுகிறார்கள், தலை துவட்டி வாருகிறார்கள், இசபெல்லா மடி நிறையக் கேக் கொட்டுகிறாள். பையனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். அவன் மறுபடியும் ஜன்னலுக்கு வந்து நிற்கிறான். கேத்தரின் திரும்பி வர விரும்பியிருந்தால் அந்தப் பெரிய கண்ணாடிகளைத் தூள்தூளாக உடைத்திருப்பேன் என்று நெல்லியிடம் சொல்கிறான். அவள் விரும்பவில்லை. அவன் உடைக்காமல் நடந்து வீட்டுக்குப் போகிறான். ஓடி வந்தபோது ஒரே ஆள் போல இருந்தவர்கள், ஒரு கண்ணாடியின் இரண்டு பக்கமும் நிற்கிற இரண்டு பேராகிறார்கள்.

ஐந்து வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு, கேத்தரின் ஹைட்ஸுக்குத் திரும்புகிறாள். போனபோது தொப்பியில்லாமல் தாவித் திரிந்த பெண், வரும்போது குதிரையிலிருந்து இறங்குகிறாள், இறகு வைத்த தொப்பியோடு. பழகிய நாய்கள் ஓடி வருகின்றன. பட்டு உடை அழுக்காகிவிடுமே என்று தொடத் தயங்குகிறாள். அப்போது ஹைட்ஸில் வேலை பார்த்த நெல்லியின் மேலெல்லாம் மாவு, கேக் செய்துகொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளாமல் மெதுவாக முத்தம் மட்டும் கொடுக்கிறாள். ஐந்தே வாரத்தில் ஒரு வீடு ஒரு பெண்ணுக்குள் குடிவந்துவிட்டது. இங்கே வீடு ஆளைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் இல்லை, ஆளைச் செய்துகொண்டிருக்கிறது.

இனி நான் பாதி என்று சொன்னதன் மறுபாதிக்கு வருகிறேன். எமிலி யாரையும் அவரவருக்குப் பொருத்தமான வீட்டில் நெடுநாள் நிம்மதியாக விட்டுவைப்பதில்லை. மேட்டுப் பெண் பள்ளத்துக்கு மனைவியாகப் போகிறாள். பள்ளத்துப் பெண் இசபெல்லா ஹீத்கிளிஃபை மணந்து மேட்டுக்குப் போகிறாள். அடுத்த தலைமுறையில், கேத்தரினுக்கும் எட்கருக்கும் கிரேஞ்சில் பிறந்த மகள், இளைய கேத்தரின், ஹைட்ஸில் அடைபடுகிறாள். ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று வீடு நமக்குச் சொல்வது, அவர் அந்த வீட்டோடு ஒட்டாமல் போகும்போதுதான்.

முதல் அத்தியாயத்திலேயே லாக்வுட் இதைக் கவனித்துவிடுகிறார். இந்த அறைக்கும் இந்தச் சாமான்களுக்கும் பிடிவாத முகமுள்ள ஒரு வடக்கத்தி விவசாயி உட்கார்ந்திருந்தால் பொருத்தமாக இருக்கும், ஹீத்கிளிஃப் இந்த வீட்டுக்கு நேர்மாறான ஆளாக இருக்கிறாரே என்று எழுதுகிறார். தோற்றத்தில் நாடோடி, உடையிலும் நடத்தையிலும் கனவான். இந்த வீட்டின் உரிமையாளர் இந்த வீட்டின் பிம்பம் அல்ல என்று ஆசிரியரே வாசலில் வைத்துச் சொல்லிவிடுகிறார். புயல் வீட்டில் புயல் மனிதன் என்று நாம்தான் பிறகு எழுதிக்கொள்கிறோம்.

உண்மையில் ஹீத்கிளிஃபுக்கு எந்த வீடும் கிடையாது. பெரியவர் ஏர்ன்ஷா லிவர்பூல் தெருவில் கண்டெடுத்து, கோட்டுக்குள் போர்த்திக் கொண்டுவந்த பிள்ளை அவன். அன்றிரவு ஏர்ன்ஷாவின் பிள்ளைகள் தங்கள் அறையில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நெல்லி அவனை மாடிப்படியின் நடுத்தளத்தில் விட்டுவிட்டுப் போகிறாள், காலையில் போய்விட்டிருந்தால் நல்லது என்ற நினைப்பில். அந்த வீட்டில் அவனுடைய முதல் இரவு மேலும் இல்லாத, கீழும் இல்லாத ஒரு படியில் கழிகிறது. பெயரும் இரவல்தான், இறந்துபோன ஒரு மகனின் பெயர். அதுவே முதல் பெயர், அதுவே குடும்பப் பெயர். ஹீத் என்பது மூரில் வளரும் செடி, கிளிஃப் என்பது செங்குத்துப் பாறை. பெயரில்கூட அவனுக்குக் கூரை இல்லை.

இசபெல்லா ஹைட்ஸுக்கு வந்த முதல் இரவைப் பற்றி நெல்லிக்கு எழுதும் கடிதம் எனக்கு நாவலின் மிகக் கூர்மையான பக்கங்களில் ஒன்று. வேலைக்காரப் பெண் எங்கே என்று கேட்கிறாள், இங்கே அவரவர் வேலையை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். கிழ வேலையாள் ஜோசஃபிடம், இந்தக் கூட்டத்தில் உட்காரப் பிடிக்கவில்லை, தனியாக உட்கார ஒரு வரவேற்பறை இல்லையா என்கிறாள். வரவேற்பறையா, எங்களிடம் அதெல்லாம் கிடையாது என்று பதில் வருகிறது. படுக்கக் காட்டும் அறையில் தானிய மூட்டை கிடக்கிறது. கிரேஞ்சில் அறைகள் ஆட்களை ஆட்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தன. தான் மென்மையானவள் என்று அவள் நம்பியதெல்லாம் அந்தச் சுவர்கள் கொடுத்த மென்மை. சுவர் போனதும் அவளே சொல்லடி கொடுக்கவும் வாங்கவும் கற்றுக்கொள்கிறாள். அங்கிருந்து தப்பி ஓடும்போது வாசலில் ஒரு காட்சியைப் பார்க்கிறாள். ஏர்ன்ஷா வீட்டுச் சிறுவன் ஹேர்ட்டன் நாற்காலி முதுகில் நாய்க்குட்டிகளைத் தூக்கில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறான். சிறுவயதில் இவளும் அண்ணனும் கிழிக்கப் பார்த்த அந்தக் குட்டி நாய் நமக்கு ஞாபகம் வராமல் இருக்காது. இரண்டு வீடுகளும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

கேத்தரினுக்கு வருவோம். எட்கரை மணந்து கிரேஞ்சின் எஜமானி ஆன பிறகு, ஒரு குளிர்கால இரவில் ஜன்னி கண்டு கிடக்கிறாள். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தலையணையைப் பல்லால் கிழித்து இறகுகளை வெளியே எடுக்கிறாள். ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசைப்படுத்துகிறாள்: இது வான்கோழி, இது காட்டு வாத்து, இது புறா, இது மூர்க்கோழி. ஒரு ஆள்காட்டிக் குருவியின் இறகு கிடைத்ததும் நிற்கிறாள். அந்தக் குருவியை மூரில் பார்த்தது, அதன் கூட்டைப் பனிக்காலத்தில் குட்டி எலும்புக்கூடுகளோடு பார்த்தது எல்லாம் நினைவுக்கு வருகிறது. கிரேஞ்சின் மெத்தைக்குள்ளும் மூர்தான் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, உயிரில்லாமல். நாகரிக வீட்டின் சுகம் எதனால் ஆனது என்று இதைவிட நன்றாக ஒருவர் காட்டிவிட முடியுமா என்று தெரியவில்லை.

அப்புறம் எதிரே பார்க்கிறாள். சுவரோரம் கறுப்பு அலமாரி இருக்கிறது, அதில் ஒரு முகம் தெரிகிறது என்கிறாள். இந்த அறையில் அலமாரியே கிடையாது என்கிறாள் நெல்லி. கேத்தரின் பார்த்துக்கொண்டிருப்பது நிலைக்கண்ணாடி. அதில் தெரிவது அவள் முகம். அலமாரி இருப்பது ஹைட்ஸில், அவளுடைய பழைய அறையில். வீடு ஆளைக் காட்டும் கண்ணாடி என்று நாம் உவமை சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே எமிலி நிஜக் கண்ணாடியையே வைக்கிறார், அதன்முன் இருக்கும் பெண்ணால் தன்னை அடையாளம் காண முடியவில்லை. நெல்லி ஒரு சால்வையை எடுத்துக் கண்ணாடியை மூடுகிறாள்.

இதே நேரத்தில் கணவர் எட்கர் எங்கே? மூன்று நாளாக நூலகத்தில், புத்தகங்களோடு. கெட்ட மனிதர் இல்லை. கோபம் தணியட்டும் என்று காத்திருக்கிறார், அவருக்குத் தெரிந்த பண்பு அதுதான். நான் செத்துக்கொண்டிருக்கும்போது அவருக்குப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேத்தரின் கதறுகிறாள். ஹைட்ஸில் இருந்திருந்தால் கதவை உடைத்துக்கொண்டு யாராவது உள்ளே வந்திருப்பார்கள். கிரேஞ்சில் கதவைத் தட்டுவதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது, அந்த முறைக்குள் ஒரு உயிர் போய்விடும்.

கடைசியில் ஜன்னலைத் திறந்து, கத்திபோல் அறுக்கும் காற்றில் தலையை நீட்டுகிறாள். அதோ என் அறை, அதில் மெழுகுவர்த்தி எரிகிறது பார், இன்னொரு வெளிச்சம் ஜோசஃபின் பரண் அறை, நான் வந்ததும் கேட்டைப் பூட்ட விழித்திருக்கிறான் என்கிறாள். வெளியே நிலவில்லை, எந்த வீட்டிலும் விளக்கில்லை. நெல்லி ஒரு வரி சேர்க்கிறாள்: ஹைட்ஸின் விளக்குகள் கிரேஞ்சிலிருந்து எப்போதுமே தெரிந்ததில்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த வரியில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த வீட்டுக்கு மணமாகி வந்தவள், பிறந்த வீட்டு விளக்கு தெரியுமா என்று எத்தனை இரவு அந்த ஜன்னலில் நின்றிருப்பாள்?

எமிலிக்கு இது கற்பனை மட்டும் இல்லை. 1835இல், பதினேழு வயதில், அக்கா சார்லட் வேலை பார்த்த ரோ ஹெட் பள்ளிக்குப் படிக்கப் போனார். சில மாதங்களில் மெலிந்து வெளிறி, வீட்டுக்கு அனுப்பாவிட்டால் இறந்துவிடுவாள் என்று அக்காவே பயப்படும் நிலைக்கு வந்தார். ஹாவர்த்தில் அப்பாவின் பாதிரியார் இல்லத்துக்குத் திரும்பினார். அந்த வீட்டுக்கு முன்னால் கல்லறைத் தோட்டம், பின்னால் மூர். இடம் மாறினால் ஒரு உடம்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாவலின் வீடுகள் எங்கே இருந்தன என்று தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். ஹாவர்த்துக்கு மேலே டாப் விதன்ஸ் என்ற இடிந்த பண்ணை வீட்டைக் காட்டுவார்கள். பிரான்டே சங்கமே 1964இல் அங்கே ஒரு பலகை வைத்து, இந்தக் கட்டடம் முழுதாக இருந்தபோதும் நாவலின் வீட்டைப் போல இருந்ததில்லை, அமைந்த இடம் மட்டும் எமிலியின் மனதில் இருந்திருக்கலாம் என்று எழுதிவிட்டது. வாசல் சிற்பங்களுக்கு ஹாலிஃபாக்ஸ் அருகே இருந்த ஹை சண்டர்லாண்ட் மாளிகையைச் சொல்வார்கள், அது இன்று இல்லை. இந்தத் தேடலில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஒரு வீட்டைப் பார்த்து எழுதவில்லை, பல இடங்களிலிருந்து எடுத்துக் கட்டினார் என்று தெரிந்தால் போதும்.

இதைவிட முக்கியமானது கோதிக் மரபு. கோதிக் நாவல் என்ற பெயரே ஒரு கட்டடப் பாணியிலிருந்து வந்தது. 1764இல் ஹொரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’யில் தொடங்கி, பேய்க்கும் ரகசியத்துக்கும் கோட்டை வேண்டும், அந்தக் கோட்டை வேறு நாட்டில், பழைய காலத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. எமிலி அதைக் கஞ்சி கொதிக்கும் ஒரு யார்க்‌ஷர் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டார். சுரங்கப்பாதைக்குப் பதில் அடமானப் பத்திரம்.

அடமானம் என்று சும்மா சொல்லவில்லை. கேத்தரினின் அண்ணன் ஹிண்ட்லி சூதாட்டத்துக்காக நிலத்தை அடமானம் வைத்துக்கொண்டே போகிறான், கடன் கொடுத்தவன் ஹீத்கிளிஃப். ஹிண்ட்லி இறந்ததும் ஹைட்ஸ் கைமாறிவிடுகிறது. கிரேஞ்சுக்கு வேறு வழி. தன் நோயாளி மகனுக்கும் எட்கரின் மகளுக்கும் கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கிறான். தனி ஏற்பாடு ஏதும் இல்லாவிட்டால் மனைவியின் அசையும் சொத்து கணவனுக்கே போய்விடும் என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். அது மாறத் தொடங்கியது 1870இல்தான். நாவலின் சொத்துச் சட்டமும் ஆண்டுக் கணக்கும் எவ்வளவு கச்சிதம் என்று சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். வெளியே தள்ளப்பட்ட பையன் ஜன்னலை உடைக்காமல், பத்திரத்தால் இரண்டு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டான்.

ஆனாலும் அவன் உள்ளே வரவில்லை. இதைத்தான் லாக்வுட்டின் முதல் இரவு சொல்கிறது. பனியில் மாட்டிக்கொண்ட லாக்வுட் ஹைட்ஸில் தங்க நேர்கிறது. படுத்திருப்பது ஓக் மரப் பலகைகள் அடைத்த பெட்டிக் கட்டில், உள்ளேயே ஒரு சின்ன ஜன்னல். அதன் விளிம்பில் ஒரே பெயர் மூன்று விதமாகக் கீறப்பட்டிருக்கிறது: கேத்தரின் ஏர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லின்டன். கனவில் கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டினால், பனிபோல் குளிர்ந்த ஒரு சின்னக் கை பற்றிக்கொள்கிறது. என்னை உள்ளே விடு, மூரில் வழி தவறிவிட்டேன், வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று அழுகிறது. தன் பெயர் கேத்தரின் லின்டன் என்கிறது. பயத்தில் லாக்வுட் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் தேய்க்கிறார், ரத்தம் படுக்கையை நனைக்கிறது. பிறகு ஓட்டையை அடைக்கப் புத்தகங்களை அடுக்குகிறார். கிரேஞ்சில் எட்கர் செய்ததும் இதுதானே, புத்தகத்தை அடுக்கி அவளை வெளியே வைத்தது?

சத்தம் கேட்டு வந்த ஹீத்கிளிஃப் ஜன்னலைத் திறந்து, உள்ளே வா, வா என்று இருட்டைப் பார்த்து விம்முகிறான். முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நெல்லி சொன்ன வாடகைக் கணக்கு அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் வீட்டுக்கு வருவாள், வந்தால் இந்த ஜன்னலுக்குத்தான் வருவாள். அதற்காக அங்கே காத்துக்கிடக்கிறான்.

இனி ஹேர்ட்டன், வாசலில் பெயர் செதுக்கப்பட்டிருக்கும் குடும்பத்தின் கடைசி வாரிசு. ஹிண்ட்லியின் மகன். அவனைப் படிக்க விடாமல் கூலியாளாக வளர்க்கிறான் ஹீத்கிளிஃப். சொந்த வாசலில் சொந்தப் பெயரை அவனால் வாசிக்க முடியாது. ஒருநாள் இளைய கேத்தரினைக் கூப்பிட்டு, அதை நான் இப்போது படிப்பேன் என்று பெருமையாகச் சொல்லி, எழுத்துக்கூட்டி ‘ஹேர்ட்டன் ஏர்ன்ஷா’ என்கிறான். சரி, அந்த எண்கள் என்கிறாள் அவள். அது இன்னும் தெரியாது என்கிறான். அவள் சிரித்துவிடுகிறாள். தன் பெயர் தெரிகிறது, தான் எத்தனை காலத்து ஆள் என்று தெரியவில்லை. கோதிக் நாவல்களில் பறிபோன வாரிசு என்று எத்தனையோ இளவரசர்கள் வந்திருக்கிறார்கள். இந்தப் பையன் நிற்கும் இடம்போல் எதுவும் என்னைத் தொட்டதில்லை.

பிறகு அவளே அவனுக்குப் படிக்கச் சொல்லித்தருகிறாள். கிரேஞ்சிலிருந்து செடி கொண்டுவந்து பூந்தோட்டம் போட, ஜோசஃப் உயிராக வளர்த்த பிளாக்கரன்ட் பழப் புதர்களை இருவரும் பிடுங்கிப்போடுகிறார்கள். அதே காலைச் சாப்பாட்டில் அவன் கஞ்சிக் கிண்ணத்தில் மஞ்சள் ப்ரிம்ரோஸ் பூக்களைச் செருகி வைக்கிறாள். இதைப் பார்க்கும் ஹீத்கிளிஃப் சொல்வது: இரண்டு வீட்டையும் இடிக்கக் கடப்பாறையும் மண்வெட்டியும் தேடி வைத்தேன், எல்லாம் கைக்கு வந்த நேரத்தில் ஒரு கூரையிலிருந்து ஒரு ஓடு பெயர்க்கவும் மனசு வரவில்லை. சில நாளில் அவன் அந்தப் பெட்டிக் கட்டிலில் இறந்து கிடக்கிறான். ஜன்னல் திறந்திருக்கிறது, மழை உள்ளே அடித்திருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த கதவு அவன் கையை உரசித் தோலைக் கிழித்திருக்கிறது, ரத்தம் வரவில்லை. முதல் இரவில் அந்தச் சின்னக் கையைக் கிழித்ததும் அதே ஜன்னல்.

1802 செப்டம்பரில் லாக்வுட் திரும்பி வரும்போது, முன்பு தாண்டிக் குதிக்க வேண்டியிருந்த கேட் தொட்டதும் திறக்கிறது. கதவும் ஜன்னலும் திறந்திருக்கின்றன, பழமரங்களுக்கு நடுவே பூ வாசம். நல்ல முடிவு என்று நிறையப் பேர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் புத்தாண்டில் கல்யாணம் ஆனதும் ஹேர்ட்டனும் கேத்தரினும் கிரேஞ்சுக்குக் குடிபோகிறார்கள். ஹைட்ஸில் ஜோசஃபுக்காகச் சமையலறை மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் பூட்டு. ஹேர்ட்டன் இப்போது அந்த எண்களையும் படிப்பான், ஆனால் அந்த வாசல் வழியாகப் போகமாட்டான். அவனுக்காகச் சந்தோஷப்படுகிறேன், கல்லில் நிற்கும் அந்தப் பெயரை நினைத்தால் கஷ்டமாகவும் இருக்கிறது.

மூத்த கேத்தரினைப் புதைத்தது லின்டன்களின் கல்லறைக்குள் இல்லை, ஏர்ன்ஷாக்களின் பக்கத்திலும் இல்லை. தேவாலயத் தோட்டத்தின் ஒரு மூலைச் சரிவில். அங்கே மதில் அவ்வளவு தாழ்வு, மூரிலிருந்து ஹீத் செடிகள் ஏறி உள்ளே வந்துவிட்டிருக்கின்றன. இப்போது அவளுக்கு ஒரு பக்கம் எட்கர், மறுபக்கம் ஹீத்கிளிஃப்.

ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்கிறாள் நெல்லி. ஒரு மாலை ஆடு மேய்க்கும் சிறுவன் வழியில் நின்று அழுதுகொண்டிருந்தான். ஹீத்கிளிஃபும் ஒரு பெண்ணும் அந்தப் பாறைக்குக் கீழே நிற்கிறார்கள், நான் தாண்டிப் போகமாட்டேன் என்றான். நெல்லி பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. ஆனால் அவனோடு வந்த ஆடும் இரண்டு குட்டிகளும் ஒரு அடி எடுத்து வைக்க மறுத்தன, அவள் அவனைக் கீழ்ப்பாதையில் சுற்றிப் போகச் சொன்னாள்.